நண்பருக்கு ஒரு புதிய இசைக்குழு: முதல் முறையே கெடுத்துவிடும் தவறுகள்

சினிமாவைச் சாராத ஓர் இசைக்குழு மனதுக்குப் பிடித்துவிட்டால், நெருங்கிய நண்பருக்கும் அதைக் கேட்கக் கொடுக்கும்வரை நிம்மதி இருக்காது. சென்னை, பெங்களூர்க்காரர்களுக்கு மேடை நிகழ்ச்சிகள் பக்கத்திலேயே நடக்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் அப்படியில்லை. இங்கே இத்தகைய பாட்டு பெரும்பாலும் ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டுத்தான் பரவுகிறது. ஆகவே அந்த முதல் முறையைக் கவனமாகச் செய்ய வேண்டும்.

தவறுகளில் பெரியது, சினிமாப் பாட்டை மட்டம் தட்டி ஆரம்பிப்பது. "எப்போது பார்த்தாலும் சினிமாப் பாட்டுதானா? இதைக் கேளுங்கள்" என்று சொன்னால், நண்பர் தன் ரசனைக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். பாட்டு காதில் ஏறாது. அந்தப் பேச்சில் உண்மையும் இல்லை. கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோவிந்த் வசந்தாதான் 2018இல் வந்த '96' படத்துக்கு இசையமைத்தவர். சாதி எதிர்ப்புப் பாடல்களைப் பாடும் சென்னையின் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்மா, 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு இசையமைத்தார். கலைஞர்களே இரண்டு பக்கமும் போய்வரும்போது நடுவில் நாம் வேலி போடுவானேன்? '96' பாடல்களில் உருகிய நண்பரிடம் "இது அவருடைய குழு" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த தவறு, நமக்கு உயிரான பாட்டையே முதலில் போடுவது. அந்தக் குழுவின் எல்லாப் பாடல்களையும் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அது உயிர். புதிதாகக் கேட்பவருக்கு வேறொரு பாட்டு வேண்டும். எந்தப் பாட்டு என்பதை அவர் எதைக் கேட்டு வளர்ந்தார் என்பதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குச் சினிமாவை விட்டால் வேறு இசை தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். நான் இதை அடியோடு மறுக்கிறேன். ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் விடிய விடிய உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்! வில்லடிப்பவர் ஒரு வரி பாடியதும் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமாம்" போட்டு ஏந்திக்கொள்வார்கள். உடுக்கை ஏறும், குடத்தின் வாயில் அடி விழும்போது அந்தக் கனத்த ஒலி நெஞ்சில் வந்து இடிக்கும். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவி முழங்கும்போது கால் தானாகத் தாளம் போடும். இவை எதற்கும் சினிமாவின் தயவு தேவைப்பட்டதில்லை.

கொடை கேட்டு வளர்ந்த நண்பருக்கு, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடல்களில் பறை முன்னால் நிற்கிற, ஒருவர் பாட மற்றவர்கள் சேர்ந்து எடுத்துக்கொள்கிற ஒன்றைக் கொடுங்கள். கானா, ராப், ராக் எல்லாம் கலந்த இசை அது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல்முறை மேடையேறியபோது 19 பேர் கொண்ட குழு. அத்தனை பேர் சேர்ந்து எழுப்பும் சத்தம் கொடைக்காரருக்கு அந்நியமாக இருக்காது. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர் என்றால் பெங்களூரின் அகம் குழு பொருந்தும். கர்நாடக இசையை மின் கிட்டாரோடும் டிரம்ஸோடும் இணைப்பவர்கள். பாளையங்கோட்டையில் தேவாலயப் பாடகர் குழுவில் பல குரல்கள் சேரப் பாடிப் பழகியவருக்குத் தைக்குடம் பிரிட்ஜ். அங்கே பாடகர்கள் பலர். ஒன்று கவனம்: அந்தக் குழு முதலில் பெயர் வாங்கியது பழைய சினிமாப் பாடல்களைத் தொகுத்துப் பாடித்தான். அவற்றை மட்டும் கொடுத்தால் நண்பர் அங்கேயே நின்றுவிடுவார். சொந்தப் பாடல் ஒன்றையும் சேர்த்தே கொடுங்கள்.

கேட்கும் விதத்தில் நடக்கும் தவறுகளைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. டீக்கடை பெஞ்சில் போனை நீட்டிப் பாட்டைப் போடுகிறோம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை மீட்டினால் விநாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். போனுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பாட்டின் அடித்தளமே போய், மேலே சிலம்பும் சத்தம் மட்டும் நண்பருக்குக் கிடைக்கிறது. கொடையில் குடத்தை எடுத்துவிட்டு வில்லுப்பாட்டு கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

பாபநாசம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொள்வது இன்னும் மோசம். பார்க்க அன்பான காரியம்தான். ஆனால் ஸ்டீரியோ பதிவில் சில கருவிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் வைக்கப்பட்டிருக்கும். கிட்டார் உங்கள் காதுக்கும் பறை அவர் காதுக்கும் போனால், இருவரும் முழுப்பாட்டைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். போனின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகும். அதைவிட நல்லது, இரண்டு இயர்போன்களையும் அவருக்கே கொடுத்துவிடுவது. நீங்கள் ஏற்கெனவே கேட்டவர்தானே. பாட்டு ஓடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும், "இப்போது வரும் பாருங்கள்" என்று தட்டுவதும் வேண்டாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

வரிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில்கூடச் சாதி தெரியும் மாவட்டம் இது. 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்க வேண்டியிருந்தது. இந்த மண்ணில் சாதி எதிர்ப்புப் பாட்டைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள், "வரியை விடுங்கள், தாளத்தை மட்டும் கேளுங்கள்" என்கிறார்கள். இது காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்குச் செய்யும் அநியாயம். அதன் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சாதி பேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. வரியை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்?

இதற்கு நேர்மாறாக, பாட்டைப் போட்டுவிட்டு நண்பர் எந்தப் பக்கம் என்று ஆழம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. பாட்டு எதைப் பேசுகிறது என்பதை முன்கூட்டியே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். அவராகப் பேச வந்தால் மனம்விட்டுப் பேசுங்கள். அந்த வலியைப் பட்டவராகவே அவர் இருந்தால், விளக்கவுரை வேண்டவே வேண்டாம்; உங்களைவிட அவருக்கு நன்றாகவே புரியும்.

ஒரே இரவில் முப்பது இணைப்புகளை அனுப்பாதீர்கள். இரண்டு போதும். மறுநாள் காலையிலேயே "கேட்டீர்களா?" என்று நெருக்கவும் வேண்டாம். திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது மெல்லப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இலேயே ஆய்வு செய்து எழுதினார். ஒரு மாதம் கழித்துக் காரில் போகும்போது இயல்பாக அதே பாட்டு ஓடட்டும். நீங்கள் கொண்டாடும் பாட்டை விட்டுவிட்டு வேறொன்று பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். திருத்தப் போகாதீர்கள்.

பாட்டுக்குப் பழகாத நண்பரை மேடை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகக் கூடாது என்பார்கள். இதில் நான் உடன்படவில்லை. கொடை பார்த்த கண்ணுக்கு மேடைதான் சீக்கிரம் பிடிபடும். ஆனால் வழியில் இரண்டு பாட்டாவது கேட்டிருக்க வேண்டும். சென்னை போகும் நெல்லை எக்ஸ்பிரஸில் அதற்கு ஓர் இரவே கிடைக்கிறது. 2020இல் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' போன்ற விழாக்களில் ஒரே மாலையில் பல குழுக்களைக் கேட்கலாம்; ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்தது வரும். பண்டிகைக் கூட்டத்தில் ரயில் டிக்கெட் கிடைக்காது, முன்பதிவை முதலிலேயே செய்துவிடுங்கள். அழைப்பது நீங்கள் என்றால் செலவை அவர் தலையில் கட்டாதீர்கள்.