அமெரிக்கக் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்: யாரிடம் எதைச் சொல்வது, எங்கே புகார் கொடுப்பது

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது உடற்குறையைப் பற்றியோ மனநலச் சிக்கலைப் பற்றியோ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபெடரல் அரசின் பணம் பெறும் கல்லூரி, சேர்க்கைக்கு முன் பொதுவாக அதைக் கேட்கவே கூடாது. 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவின் கீழ் வந்த விதி இது. தனியார் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலானவை அந்தப் பணத்தைப் பெறுவதால் இந்த விதிக்குள் வந்துவிடுகின்றன. நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பதும், உங்களுக்கு அரசு உதவித்தொகை கிடைக்காததும் இந்த உரிமையைக் குறைப்பதில்லை.

ஆனால் இடம் கிடைத்த பிறகு யாரும் தேடி வந்து உதவவும் மாட்டார்கள். அமெரிக்கப் பள்ளியில் ஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டம் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் இது பலருக்குத் தெரிவதில்லை. பள்ளிதான் தேடிப் பிடித்து ஏற்பாடு செய்யும். கல்லூரியிலோ மாணவரே போய்க் கேட்க வேண்டும், கேட்ட நாளிலிருந்துதான் கிடைக்கும். போன மாதம் எழுதிய தேர்வுக்கு இப்போது கூடுதல் நேரம் கேட்டால் கல்லூரி தர வேண்டியதில்லை. அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

போக வேண்டிய இடம் மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகம். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கு ஒவ்வொரு பெயர். அங்கே அடிக்கடி காதில் விழும் சொல் 'அக்காமடேஷன்'. நம் ஊர் வழக்கில் அது தங்குமிடம். இங்கே கூடுதல் தேர்வு நேரம், தனி அறை, குறிப்பெடுக்க ஆள், திரை வாசிப்பானுக்கு ஏற்ற பாடநூல் போன்ற ஏற்பாடுகளுக்குப் பெயர். விடுதி விண்ணப்பத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு ஒரு பருவத்தையே இழப்பவர்கள் உண்டு.

ஊரிலிருந்து கொண்டுவரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மட்டும் இங்கே போதாது. இந்தியச் சான்றிதழில் 40 சதவீதம், 75 சதவீதம் என்று எண் இருக்கும். அமெரிக்கச் சட்டத்துக்கு அந்தச் சதவீதம் தேவையில்லை. படிப்பது, கேட்பது, உட்கார்வது, கவனம் குவிப்பது ஆகியவற்றில் எது, எந்த அளவுக்குத் தடைபடுகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். மருத்துவரிடம் வாங்கும் கடிதமும் அப்படியே அமையட்டும்: நோயின் பெயர், எப்போது கண்டறியப்பட்டது, என்ன சோதனை செய்யப்பட்டது, அன்றாடம் எது முடியவில்லை, என்ன ஏற்பாடு தேவை, ஏன். 'இவருக்கு உதவி செய்யவும்' என்று முடியும் இரண்டு வரிக் கடிதம் அநேகமாகத் திரும்பி வரும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள அறிக்கையை மொழிபெயர்த்துக் கொண்டுவாருங்கள். பள்ளியில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் அந்த ஆணையையும் சேர்த்துவையுங்கள். முன்பு என்ன தந்தார்கள் என்பதற்கு அது சான்று.

அலுவலகம் ஒப்புக்கொண்டால் ஒரு கடிதம் தரும். ஆசிரியர் பார்ப்பது பொதுவாக அதை மட்டுமே. 'இந்த மாணவருக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், சத்தம் குறைந்த அறை' என்று அதில் இருக்கும். நோயின் பெயர் இருக்கத் தேவையில்லை. ஆசிரியர் கேட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 'கடிதத்தில் உள்ளதற்கு மேல் கேள்வி இருந்தால் சேவை அலுவலகத்தைக் கேளுங்கள்' என்று எழுதினால் போதும். பல கல்லூரிகளில் இந்தக் கடிதத்தை ஒவ்வொரு பருவமும் புதிதாக அனுப்பச் சொல்கிறார்கள். முதல் பருவத்தில் அனுப்பியதை நம்பி இரண்டாம் பருவத்தில் சும்மா இருப்பதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

எஃப்-1 மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளநிலையில் பருவத்துக்கு 12 கிரெடிட் முழுநேரம். சேவை அலுவலகம் 'குறைந்த பாடம் எடுக்கலாம்' என்று சொன்னாலும் விசாவுக்கு அது செல்லாது. பாடத்தை விடுவதற்கு முன்பே, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசா விவகாரங்களைக் கவனிக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரி அனுமதி தந்து, வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் பதிய வேண்டும். உரிமம் பெற்ற எம்டி அல்லது டிஓ (ஆஸ்டியோபதி) மருத்துவர், இல்லாவிட்டால் உரிமம் பெற்ற சைக்காலஜிஸ்ட் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தந்த கடிதம் தேவை. கவுன்சலரின் கடிதம் போதாது. ஒவ்வொரு பருவத்துக்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம்தான் கிடைக்கும். முதலில் பாடத்தை விட்டுவிட்டுப் பிறகு கடிதம் கொண்டுபோனால் விசா நிலையே போய்விடலாம்.

இனி அந்தரங்கம். கல்விப் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும், வயது 17 ஆனாலும், கல்விப் பதிவுகளின் உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. 'பணம் கட்டுவது நாங்கள், மகளின் மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறார்களே' என்று அப்பாக்கள் போனில் கத்துவதற்குக் காரணம் இதுதான். மகள் கையெழுத்திட்டுத் தேதியோடு எழுதித் தந்தால் சொல்வார்கள். எந்தப் பதிவு, யாருக்கு, எதற்காக என்பது அதில் இருக்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு மட்டும் சம்மதம் தந்து, சேவை அலுவலகக் கோப்பை விட்டுவிடலாம்.

ஒரு விதிவிலக்கை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். பெற்றோர் இங்கேயே இருந்து, வருமான வரியில் பிள்ளையைத் தங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால், சம்மதம் இல்லாமலும் கல்லூரி அவர்களிடம் பதிவுகளைக் காட்டலாம். காட்டியே தீர வேண்டும் என்றில்லை. ஊரில் இருந்து பணம் அனுப்பும், இங்கே வரி கட்டாத பெற்றோருக்கு இது பொருந்தாது. உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் தனி விதி உண்டு.

ஆசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் 'கூடுதல் நேரக்காரர்கள் பின்னால் உள்ள அறைக்குப் போங்கள்' என்று பெயர் சொல்லி அனுப்புவதும், அத்தனை பேரின் முகவரியும் தெரியும்படி ஒரே மின்னஞ்சல் போடுவதும் நடக்கிற தவறுகள். மின்னஞ்சலைப் படம் பிடித்து வையுங்கள். உங்களைப் பற்றித் துறைக்குள் பரிமாறி, கல்லூரி பாதுகாத்து வைத்திருக்கும் கடிதங்களும் பொதுவாகக் கல்விப் பதிவுதான். எழுத்தில் கேட்டால் 45 நாளுக்குள் பார்க்கவிட வேண்டும். ஆசிரியர் தன் நினைவுக்காக எழுதி யாரிடமும் காட்டாத குறிப்பு இதில் சேராது.

புகாருக்கு இரண்டு வாசல்கள். இரண்டும் ஃபெடரல் கல்வித் துறையில்தான், ஆனால் வேறு வேறு அலுவலகங்கள். பதிவுகளை வெளியே விட்டது ஃபெர்பா மீறல். அது மாணவர் அந்தரங்கக் கொள்கை அலுவலகத்துக்குப் போகும், கெடு 180 நாள். ஃபெர்பாவை வைத்து மாணவர் நேராக வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. ஏற்பாட்டை மறுத்தது, தாமதித்தது, கேட்டதற்காகப் பழிவாங்கியது எல்லாம் பாகுபாடு. அது சிவில் உரிமைகள் அலுவலகமான ஓசிஆருக்கு. கெடு இங்கும் 180 நாள், நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

முதலில் கல்லூரிக்குள், 504ஆவது பிரிவு நடைமுறையாவதைக் கவனிக்கும் 504 ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்லூரியில் அப்படி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். புகாரில் கோபத்தை விடத் தேதி பேசும். ஓர் எடுத்துக்காட்டு:

'செப்டம்பர் 5: ஏற்பாட்டுக் கடிதம் ஆசிரியருக்கு அனுப்பினேன், இணைப்பு 1. அக்டோபர் 3: 60 நிமிடத் தேர்வு. எனக்கு 90 நிமிடம் தந்திருக்க வேண்டும். 60ஆவது நிமிடத்தில் தாளை வாங்கிக்கொண்டார். அன்று மாலை 4.10க்கு எழுதினேன், இணைப்பு 2. அக்டோபர் 9: முடியாது என்று பதில், இணைப்பு 3. கேட்பது: மறுதேர்வு, 90 நிமிடம்.'

இதில் ஓசிஆருக்கான கெடு, அக்டோபர் 3இலிருந்து எண்ணினால், ஏப்ரல் 1, லீப் ஆண்டானால் மார்ச் 31. கல்லூரி விசாரணை இழுத்தடித்தால் நாள் போய்விடும். உள் விசாரணை முடிந்து 60 நாளுக்குள் ஓசிஆருக்கு வர வழி இருக்கிறது. ஆனால் அதை நம்பிக் காத்திருப்பதை விட 180 நாளுக்குள் கொடுத்துவிடுவதே மேல். உங்கள் பெயரைக் கல்லூரிக்குச் சொல்லச் சம்மதம் கேட்டு ஓசிஆரிடமிருந்து ஒரு படிவம் வரும். 20 நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் புகாரை மூடிவிடலாம். பயந்துபோய் அதைக் கிடப்பில் போடாதீர்கள்.

ஓசிஆர் உங்கள் வக்கீல் அல்ல, இழப்பீடும் வாங்கித் தராது. தவறு நிரூபணமானால் கல்லூரியோடு எழுத்து ஒப்பந்தம் போட்டுத் திருத்த வைக்கும். பணம்தான் வேண்டும் என்றால் நீதிமன்றம். அதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், ஓசிஆரின் பதிலுக்குக் காத்திராமல் ஒரு வக்கீலிடம் தேதியை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.