90,000 லூமன் நெத்தி லைட்: உண்மையான வெளிச்சத்தை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நெத்தி லைட்டின் அட்டையில் வெளிச்சத்தின் அளவாக "90,000 லூமன்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஹாலில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு தருவதே சுமார் 900 லூமன்தான். அந்தக் கணக்குப்படி நெற்றியில் கட்டும் சின்ன டப்பாவுக்குள் நூறு பல்பு ஒளிந்திருக்க வேண்டும்.

இது அண்டப் புளுகு என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். புளுகைக் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போகிறவர்களும், குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் இந்த லைட்டை நம்பித்தான் இருட்டில் இறங்குகிறார்கள். எனக்கு ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வரும்போது தண்ணீர் பாய்ச்சப் போக ஒன்று தேவைப்பட்டது. வாங்கிச் சேர்த்ததில் எது தேறும் என்று பார்க்கப் போய்ப் பிடிபட்ட வழி இது.

படி 1: அட்டையை விடுங்கள், செல்லைப் பாருங்கள்

எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் அது செல்லுக்குள் இருந்துதான் வந்தாக வேண்டும். பெரும்பாலான லைட்டுகளில் இருப்பது 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல கம்பெனி செல்லிலேயே கொள்ளளவு 3,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) பக்கம்தான் நிற்கும். 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல்லைப் பார்த்தால் சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். அசல் செல் 45 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 30 கிராம் காட்டினால் சட்டைக்குள் ஆள் சின்னது என்று அர்த்தம்.

இப்போது கணக்கு. 3,500 எம்ஏஎச் × 3.6 வோல்ட் = 12.6 வாட்-அவர், அதாவது 12.6 வாட்டை ஒரு மணி நேரம் எரிக்கும் சக்தி. மலிவு எல்இடிக்கு ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 90,000 லூமனுக்கு 900 வாட் வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நெற்றியில் கட்டிக்கொண்ட கதைதான். செல்லும் ஒரு நிமிடம் தாங்காது.

ஏஏஏ செல் மூன்று போடும் லைட்டாக இருந்தால் இத்தனை கணக்கே வேண்டாம். மூன்றும் சேர்ந்து நாலு வாட்-அவர் கொடுத்தால் பெரிய விஷயம். அட்டையில் நாலு இலக்கத்தில் எண் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 2: மல்டிமீட்டரில் ஆம்பியர் பார்ப்பது

செல்லை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, டிசி ஆம்பியரில் வையுங்கள். செல்லின் மைனஸ் முனையை ஸ்பிரிங்கிலிருந்து விலக்கி, மீட்டரின் ஒரு முள்ளைச் செல்லிலும் இன்னொன்றை ஸ்பிரிங்கிலும் வைத்து, லைட்டை ஹையில் போடுங்கள். இரண்டு செல் போடும் லைட்டில் இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பெரும்பாலும் பேரலல், அதாவது பிளஸோடு பிளஸும் மைனஸோடு மைனஸும் சேர்ந்த இணைப்பு. ஒன்றைக் கழற்றிவிட்டு அளந்தால் போதும்.

0.9 ஆம்பியர், செல்லில் 3.9 வோல்ட் என்று வந்தால் சுமார் 3.5 வாட். நூறால் பெருக்கினால் 350 லூமன். இது உச்சவரம்பு. எல்இடிக்குக் கரண்டை அளவாகத் தரும் டிரைவர் சர்க்யூட்டில் சூடாகப் போவதும் லென்ஸ் விழுங்குவதும் போக, 300க்குக் கீழேதான் வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை: அளந்து முடித்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே செல்லின் இரு முனையிலும் வைத்தால் நேரடி ஷார்ட். லித்தியம் செல்லில் அது விளையாட்டல்ல.

ஐநூறு ரூபாய்க்குள் வரும் சாதாரண மீட்டரே போதும், 10 ஆம்பியர் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸால் ஆம்பியர் கொஞ்சம் குறைத்தே காட்டும். போகட்டும். நாம் தேடுவது இருபது சதவீதப் பொய்யை அல்ல, நூறு மடங்குப் பொய்யை.

படி 3: சீலிங்கில் அடித்துப் பார்ப்பது

இங்கேதான் நிதானம் தேவை. போனில் லக்ஸ் மீட்டர் ஆப் (போனின் ஒளி சென்சாரை வைத்து வெளிச்சம் அளக்கும் ஆப்) போட்டதும் எல்லோரும் முதலில் செய்வது, லைட்டை நேராகப் போனின் மீது அடிப்பது. 8,000, 10,000 என்று எண் எகிறும். "பாரு, பத்தாயிரம் லூமன்!" என்று யூடியூபில் காட்டுகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

லக்ஸ் வேறு, லூமன் வேறு. லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமன் என்ற கணக்கில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் விழும் அளவு. ஜூம் உள்ள லைட்டை எடுத்து எதிர்ச் சுவரில் அடித்து, ஜூமை மெல்ல இழுத்துப் பாருங்கள். வட்டம் சுருங்கச் சுருங்க நடுவில் லக்ஸ் பல மடங்கு ஏறும். கடைசியில் எல்இடி சில்லின் மஞ்சள் சதுரமே சுவரில் தெரியும். அந்த நிலையில் மொத்த வெளிச்சம் கூடியிருக்காது, குறைந்திருக்கும். லென்ஸ் முன்னே போனதும் பக்கவாட்டில் போகும் ஒளி குழாய்க்குள்ளேயே முட்டி வீணாகிறது.

அதனால் நேராக அடிக்காமல் வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பி அளக்க வேண்டும். வெள்ளைச் சீலிங் உள்ள சின்ன அறை, ராத்திரி நேரம், திரைச்சீலை மூடியிருக்கட்டும். போனை மேசையில் மல்லாக்க வையுங்கள். லைட்டை இரண்டடி தள்ளி, சீலிங்கைப் பார்த்து வையுங்கள். லைட்டின் ஒளி நேராகப் போனில் படக்கூடாது. போட்டதும் தெரியும் எண்ணை எடுக்காதீர்கள். 30 விநாடி கழித்து எடுங்கள், மலிவு லைட்டு அதற்குள்ளேயே சூடேறி மங்கத் தொடங்கும். டார்ச்சுகளுக்கான அன்சி எஃப்எல்1 (ANSI FL1) என்ற அமெரிக்கத் தர விதியிலும் லூமன் அளவு 30 விநாடிக்குப் பிறகு எடுப்பதுதான்.

அதே இடத்தில் அளவு தெரிந்த ஒரு லைட்டை வைத்து அளந்து ஒப்பிட வேண்டும். ஃபீனிக்ஸ், நைட்கோர், பெட்ஸில் மாதிரி எஃப்எல்1 அளவு போடும் கம்பெனிகளின் டார்ச்சை யாரிடமாவது இரவல் வாங்குவது உத்தமம். கிடைக்காவிட்டால் 9 வாட் பல்பை ஹோல்டரோடு எவர்சில்வர் வாளிக்குள் நிமிர்த்தி வையுங்கள், ஒளி மேலே மட்டும் போகும். பல்பு அட்டையில் 900 லூமன், போனில் 40 லக்ஸ். நெத்தி லைட்டுக்கு 12 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 12ஐ 40ஆல் வகுத்து 900ஆல் பெருக்கினால் 270 லூமன். வாளி கொஞ்சம் ஒளியை விழுங்குவதால் இதுவும் குத்துமதிப்புதான். ஆனால் படி 2இல் வந்த எண்ணோடு எப்படி ஒத்துப்போகிறது பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போன்தான் என் சிபாரிசு. ஐபோனில் ஒளி சென்சாரை ஆப்களுக்குத் திறந்துவிடுவதில்லை, ஆப்கள் கேமராவை வைத்து ஊகிக்கின்றன.

படி 4: அட்டையில் போடும் "1000 மீட்டர்" தூரம்

இருட்டில் லைட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளிப் போனை வைத்து, ஒளி வட்டத்தின் நடுவில் லக்ஸ் பாருங்கள். அதை 25ஆல் (5 × 5) பெருக்கினால் கேண்டெலா, அதாவது ஒரே திசையில் போகும் ஒளியின் வலிமை. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் எஃப்எல்1 கணக்கில் தூரம். 160 லக்ஸ் என்றால் 4,000 கேண்டெலா, கிட்டத்தட்ட 126 மீட்டர். 1000 மீட்டருக்கு இரண்டரை லட்சம் கேண்டெலா வேண்டும். அந்த 126ஆவது மீட்டரில் விழுவதும் 0.25 லக்ஸ், பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. வரப்பில் பாம்பு கிடப்பது தெரிய அது போதாது. நான் பாதித் தூரத்தைத்தான் கணக்கில் எடுப்பேன், அங்கே வெளிச்சம் நான்கு மடங்கு.

பூப்பறிக்கும் வேலைக்கு இந்தத் தூரமே தேவையில்லை. கைக்கெட்டும் செடிக்கு நூறு லூமனுக்குள் பரவலான ஒளி போதும். ஜூம் லைட்டு அங்கே கண் கூச வைக்கும். லூமனை விட எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: போனில் எண் அசையவே இல்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஸ்கிரீன் கார்டின் கறுப்பு ஓரம் சென்சாரை மறைத்திருக்கலாம். ஸ்பீக்கர் ஓட்டைப் பக்கம் விரலை நகர்த்தி, எண் எங்கே விழுகிறதென்று பாருங்கள், சென்சார் அங்கேதான். சில போன்களில் அது டிஸ்பிளேக்கு அடியில் இருக்கும். அவற்றில் திரையின் வெளிச்சமே கணக்கில் சேர்ந்துவிடும், பிரைட்னஸை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு அளங்கள்.

பின்சேர்க்கை 2: செல்லைக் கழற்ற முடியாத, யூஎஸ்பி சார்ஜ் லைட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு: சார்ஜ் ஏறும்போது எத்தனை எம்ஏஎச் போகிறது என்று காட்டும் ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்குங்கள். லைட் தானாக அணையும் வரை எரியவிட்டு, மீட்டர் வழியாக முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். இந்த லைட்டுகளில் உள்ள லீனியர் சார்ஜரில் வாட்-அவர் எண்ணைப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், 5 வோல்ட்டுக்கும் செல் வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் சூடாகப் போய்விடுகிறது. எம்ஏஎச் எண்ணை எடுத்து 3.7ஆல் பெருக்குங்கள். 1,200 எம்ஏஎச் என்றால் 4.4 வாட்-அவர். ஹையில் இரண்டு மணி நேரம் எரிந்தால் சராசரி 2.2 வாட், அதாவது அதிகபட்சம் 220 லூமன். தொடக்கத்தில் இதைவிடக் கூடவும் கடைசி அரைமணியில் நன்றாகக் குறைந்தும் இருக்கும்.