மிடில்செக்ஸ் கவுண்டியில் குடியேறுமுன்: எந்த ஊரில் யார் வாழ்கிறார்கள்?

நியூ ஜெர்சிக்கு வேலை மாற்றலாகி வரும் தமிழர்களிடம் எங்கே வீடு பார்க்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் எடிசன் பக்கம் என்ற பதிலே கிடைக்கிறது. எடிசனும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த மிடில்செக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு), 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 8,63,162 பேர் வசிக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆசிய வம்சாவளியினர். ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்த எண்களை மட்டும் படித்துவிட்டு வருபவர், எந்தத் தெருவில் குடியேறினாலும் இதே கலவை அக்கம்பக்கத்தில் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடும். கவுண்டியின் சராசரி அதன் எந்த ஊருக்கும் பொருந்துவதில்லை என்பதால், வீடு தேடும்போது ஊர் ஊராகப் பார்ப்பதே சரி.

இந்த மக்கள்தொகை எப்படித் திரண்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950இல் இங்கே 2,64,872 பேர்தான் இருந்தார்கள். 1951இல் திறக்கப்பட்ட நியூ ஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையும், அதையடுத்து வந்த கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையும், எடிசனில் 1948 முதல் 2004 வரை இயங்கிய ஃபோர்டு கார் தொழிற்சாலை போன்ற வேலைத்தலங்களும் நகர நெரிசலை விட்டு வெளியேற விரும்பிய குடும்பங்களை ஈர்த்தன, விளைநிலங்கள் வீட்டுமனைகளாயின, 1970இல் எண்ணிக்கை 5,83,813 ஆயிற்று. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு இந்தியர்கள் வரத் தொடங்கினார்கள். 2010 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். இவர்களில் குஜராத்தியரும் தெலுங்கரும் கணிசமானவர்கள் என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும். எடிசனிலும் ஐசலினிலும் ஓடும் ஓக் ட்ரீ சாலையில் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் தடையின்றிக் கிடைக்கும். ஆனால் கடைக்காரரிடம் தமிழில் பேச முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கவுண்டிக்குள் 25 உள்ளாட்சிகள் இருக்கின்றன: பத்து டவுன்ஷிப்புகள், பன்னிரண்டு பரோக்கள், மூன்று நகரங்கள். இவற்றில் எடிசனில் 1,07,588 பேர். உட்பிரிட்ஜில் 1,03,639 பேர். ஹெல்மெட்டாவிலோ மூவாயிரம் பேர்கூட இல்லை. எடிசனில் 2010லேயே நூற்றுக்கு 43 பேர் ஆசிய வம்சாவளியினராக இருந்தார்கள். அங்கிருந்து காரில் சற்று நேரத்தில் அடையக்கூடிய பெர்த் அம்பாயில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானிக் மக்கள். அங்கே கடைப்பலகைகளில் ஸ்பானிய மொழியே முந்தி நிற்கும். நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்திருப்பதால் அந்நகரின் இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்குக் கீழ், பாதிப் பேர் அதற்கு மேல்) இருபதுகளின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. கவுண்டி முழுவதற்கும் அது 2010இல் ஏறத்தாழ 37.

மன்றோ டவுன்ஷிப் இதற்கு நேர் எதிர். 2000இல் 27,999 பேராக இருந்த அதன் மக்கள்தொகை 2020இல் 48,594 ஆக உயர்ந்தது. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு 55 வயதைக் கடந்தவர்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கு உரியது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். இணையத்தில் பார்த்தால் இரண்டு படுக்கையறை, சுத்தமான சமையலறை, நீச்சல் குளம், கண்ணுக்கு இதமான விலை. விளம்பரத்தின் கடைசி வரியில்தான் வயது வரம்பு எழுதியிருக்கும். கூட்டாட்சிச் சட்டப்படி இத்தகைய குடியிருப்பில் ஆள் வசிக்கும் வீடுகளில் குறைந்தது 80 விழுக்காட்டில் 55 வயதான ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கு மேல், பள்ளி வயதுப் பிள்ளைகள் நிரந்தரமாகத் தங்கக் கூடாது என்று பெரும்பாலான குடியிருப்புச் சங்கங்கள் தங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. கிரீன் கார்டில் வந்து தனியாக வாழ விரும்பும் பெற்றோருக்கு வேண்டுமானால் இவை ஏற்றவை. சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம்.

வீடுகளின் அமைப்பைப் பற்றிப் பேசுமுன் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இரண்டு வரையறைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே கதவுக்குள் வாழும் அனைவரும், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு குடித்தனம். அவர்களில் இருவராவது இரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ இணைந்திருந்தால்தான் அது குடும்பம். வந்த புதிதில் ஒரே அப்பார்ட்மென்டைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு இளைஞர்கள் இந்தக் கணக்கில் குடும்பமல்லாத குடித்தனம். இந்தக் கவுண்டியில் குடித்தனங்களில் பாதிக்கு மேல் கணவன் மனைவி சேர்ந்து வாழ்பவை. ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல் ஒற்றை ஆள் வாழ்பவை. 2010இல் ஒரு குடித்தனத்தின் சராசரி அளவு 2.80 பேர், நாடு முழுவதற்கும் அது 2.58. பிள்ளைகளோடு குடியேறிய குடும்பங்களும், தாத்தா பாட்டியைத் தம்முடன் வைத்திருக்கும் ஆசிய, ஹிஸ்பானிக் குடும்பங்களும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் என்று கருதலாம்.

ஊரைத் தேர்வு செய்வதில் இந்த விவரம் எப்படி உதவும்? பிளெயின்ஸ்பரோவிலும் எடிசனின் சில பகுதிகளிலும் பழைய இரண்டு மாடி அப்பார்ட்மென்ட் வளாகங்கள் அதிகம். புதிதாகத் திருமணமானவர்களும், ஒரு குழந்தை உள்ள இளம் குடும்பங்களும், ஓரிரு ஆண்டுகளில் வேறு ஊருக்கு நகரக்கூடியவர்களும் அங்கே நிறைந்திருப்பார்கள். மாலையில் விளையாட்டுத் திடலில் நான்கு இந்திய மொழிகள் கேட்கும், பழகவும் எளிது. ஆனால் இந்த ஆண்டு நெருங்கிப் பழகியவர் அடுத்த ஆண்டு டெக்சாஸிலிருந்து தொலைபேசியில் பேசுவார். சவுத் பிரன்ஸ்விக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கும் பெரும்பாலும் தனி வீடுகளும் டவுன்ஹவுஸ்களும் கொண்டவை. பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை நகராத குடும்பங்களே அங்கு மிகுதி. முதல் ஓராண்டுக்கு அப்பார்ட்மென்ட், ஊரைப் புரிந்துகொண்ட பிறகு வீடு என்ற வரிசையே நல்லது என்பது என் கருத்து. வந்த மூன்றாம் மாதத்திலேயே வீடு வாங்கச் சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தபால் முகவரியில் உள்ள ஊர்ப்பெயரை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. ஐசலின் என்பது உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. கெண்டல் பார்க், டேட்டன், மன்மத் ஜங்ஷன் ஆகியவை சவுத் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்தவை. மெட்டச்சன் என்ற சிறிய பரோவை எடிசன் நாற்புறமும் சூழ்ந்திருக்கிறது. எல்லைத் தெருவின் ஒரு புறத்தில் உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு பள்ளி மாவட்டத்துக்கும், எதிர்வீட்டுப் பிள்ளை இன்னொரு மாவட்டத்துக்கும் போகும். பிரின்ஸ்டன் என்று முகவரி எழுதப்படும் சில வீடுகள் உண்மையில் சவுத் பிரன்ஸ்விக்குக்குச் சொத்து வரி கட்டுகின்றன; பிரின்ஸ்டன் நகரமோ பக்கத்து மெர்சர் கவுண்டியில் இருக்கிறது. எனவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வீடு எந்த உள்ளாட்சிக்கு வரி கட்டுகிறது, எந்தப் பள்ளிக்கு உரியது என்ற இரண்டையும் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் முழு முகவரியைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எடிசன் என்றே முடிவு செய்தவர்களும் கேட்க வேண்டும். அங்கே இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகள் உள்ளன, எந்தப் பள்ளி என்பதை வீட்டின் இருப்பிடமே தீர்மானிக்கும்.

பள்ளியில் சேர்க்கும்போது அந்த ஊரில் வசிப்பதற்குச் சான்றாக வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீது போன்ற ஆவணங்களும் கேட்பார்கள். வேறொரு குடும்பத்தோடு தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்கள், அந்த வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டியிருக்கும். ஆகவே அடைக்கலம் தரும் நண்பரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. ஊரைப் பொறுத்து அமையாமல் கவுண்டி அளவில் கிடைக்கும் வாய்ப்புகளும் உண்டு: எடிசனிலும் உட்பிரிட்ஜிலும் உள்ள கவுண்டி மேக்னட் உயர்நிலைப் பள்ளிகளுக்கு (குறிப்பிட்ட துறைகளில் சிறப்புக் கல்வி தரும் அரசுப் பள்ளிகள்) எந்த ஊர்ப் பிள்ளையும் எட்டாம் வகுப்பில் விண்ணப்பிக்கலாம், மிடில்செக்ஸ் கல்லூரியில் கவுண்டிவாசிகளுக்குக் கட்டணம் குறைவு.

கடைசியாக, உங்களையும் ஒருநாள் எண்ணுவார்கள். பத்தாண்டுக் கணக்கெடுப்பு ஏப்ரல் 1 நிலவரப்படி நடக்கும், அடுத்தது 2030இல். அதுதவிர, அமெரிக்கச் சமூக ஆய்வு என்ற படிவம் ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்கு அனுப்பப்படுகிறது. பதிலளிப்பது சட்டப்படி கட்டாயம் என்று உறையின் மேலேயே அச்சிட்டிருப்பதால், இதை மோசடிக் கடிதம் என்று எண்ணிக் குப்பையில் போடுபவர்கள் நம்மவர்களில் உண்டு. ஹெச்1பி, ஹெச்4, மாணவர் விசா என்ற வேறுபாடு இதில் இல்லை. இங்கே வசிப்பவர் எல்லோரும் எண்ணப்படுவார்கள். ஆறு மாத விசிட்டர் விசாவில் பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கும் அம்மா பத்தாண்டுக் கணக்கெடுப்பில் சேரமாட்டார். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் தங்குபவரைக் குறிக்கச் சொல்லும் சமூக ஆய்வுப் படிவத்தில் அவரையும் எழுத வேண்டும்.

பத்தாண்டுப் படிவத்தில் இந்தியர் என்ற கட்டம் உண்டு, தமிழர் என்ற கட்டம் கிடையாது; இலங்கைத் தமிழர்கள் பிற ஆசியர் என்ற இடத்தில் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பது சமூக ஆய்வு மட்டுமே, ஆகவே இங்கே எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்பது அந்த ஒரு கேள்வியால்தான் தெரிய வருகிறது. கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் மொழிப் பிரிவின்கீழ் இந்தக் கவுண்டி இந்திய மொழி ஒன்றில் தேர்தல் உதவி தர வேண்டிய இடமாக அறிவிக்கப்பட்டதும், அதன்பின் குஜராத்தியில் வாக்குச்சீட்டு வந்ததும் இதே ஆய்வின் தரவுகளால்தான். படிவத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணையோ கேட்கமாட்டார்கள். அவற்றைக் கேட்பவர் கணக்கெடுப்பு அலுவலகத்தைச் சேர்ந்தவர் அல்லர்.