பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்கு மே மாதத்திலேயே ஒரு சின்னத் தயாரிப்பு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, ஜூனில் அறிவியல் பிரிவில் சேரக் காத்திருக்கிறீர்களா? புதுப் பை, புது நண்பர்கள் என்ற ஆவலோடு இதையும் செய்துவிடுங்கள்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலின் இரண்டாவது பாடம் இயக்கவியல். வெக்டர் (அளவோடு திசையும் கொண்டது), வகையிடல் (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பது), தொகையிடல் (வகையிடலின் தலைகீழ்) எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆனால் கணிதப் புத்தகத்தில் இவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. கணித ஆசிரியர் அங்கே போய்ச் சேர்வதற்குள் இயற்பியலில் பாதி தாண்டிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே ஜூலையில் திணறுவதற்கு இது பெரிய காரணம். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை.

அதனால் விடுமுறையில் தினமும் அரை மணி நேரம் போதும். முதலில் சைன், காஸ் மதிப்புகள். அப்புறம் ஒரு வெக்டரை இரண்டு கூறுகளாகப் பிரிப்பது. பிறகு x², x³ போன்றவற்றை வகையிடுவது. இடப்பெயர்ச்சியை வகையிட்டால் திசைவேகம், அதை மறுபடி வகையிட்டால் முடுக்கம் என்பது புரிந்தாலே பாதி பயம் போய்விடும். தொகையிடலை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகத்துக்குக் காசு வேண்டாம். அரசின் பாடநூல் இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது.