‘நோட்டை எடுங்க’ என்றதும் வகுப்பு கலையாமல் இருக்க

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை புதிதாகப் பாடம் எடுக்க வந்தவர்களுக்கு இந்தப் பதிவு. பாடக்குறிப்பு, சார்ட் பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நேரம் வீணாவது பாடத்தில் இல்லை, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான். “கணக்கு நோட்டை எடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். ஒருவன் பென்சில் சீவக் கிளம்புவான், ஒருத்தி பைக்குள் தலையை விட்டுத் தேடுவாள், அதற்குள் பின்வரிசையில் ரப்பர் சண்டை.

முதலில் இரண்டே இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே வந்து உட்காருவது, நோட்டு மாற்றுவது. சுவர் நிறைய விதிகள் எழுதி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், விதிகளைச் சொன்னதால் மட்டும் பிள்ளைகளின் நடத்தையில் பெரிய மாற்றம் வரவில்லை. சரியாகச் செய்வதைப் பாராட்டி, சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டபோதுதான் வகுப்பு மாறியது. (அடிதடி சின்னச் சேட்டையில் சேராது. அங்கே உடனே போக வேண்டும்.)

அடுத்து, அந்த வேலையைப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற அளவுக்கு உடையுங்கள். ‘ஒழுங்கா எடு’ என்றால் ஆறு வயதுக்கு ஒன்றும் புரியாது. பழைய நோட்டு பைக்குள், புதிய நோட்டு மேசை மேல், தேதி எழுது, பென்சிலைக் கீழே வை. அவ்வளவுதான். பென்சில் சீவுவது காலையிலேயே முடிந்திருக்க வேண்டும். சீவின பென்சில்கள் சிலவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். முனை உடைந்தால் மாற்றிக்கொள்ளட்டும்.

இதை நடித்துக் காட்டுங்கள். தப்பாகச் செய்வது எப்படி என்பதையும் காட்டலாம், ஆனால் அந்த வேஷம் டீச்சருக்கு மட்டும். ஒரு பையனிடம் கொடுத்தால் கைதட்டல் முழுக்க அவனுக்குப் போய்விடும், மறுநாள் நாலு பேர் அதையே செய்வார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒத்திகை. சொதப்பினால் திட்ட வேண்டாம், “இன்னொரு தடவை பார்க்கலாம்” போதும்.

இப்போது சைகை. என் ஓட்டு சின்னக் கைமணிக்கு. விசில் வகுப்பறைக்குள் வேண்டவே வேண்டாம். தாளம் தட்டிப் பதில் தாளம் வாங்குவதும் நல்லதுதான், கையில் இருப்பதைப் பிள்ளைகள் கீழே வைத்தே ஆக வேண்டும். ஆனால் மதியத்துக்கு மேல் அதுவே இரைச்சலாகிவிடும். காது சரியாகக் கேட்காத பிள்ளை இருந்தால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மணி அடித்த பிறகு வருவதுதான் கஷ்டமான கட்டம். பேசாமல் நிற்க வேண்டும். நம்மால் முடியாது. “ஷ்ஷ்… சத்தம் போடாதே… மணி அடிச்சது கேட்கலையா?” என்று வாய் தானாகப் போகும். மறுபடி மணி, மறுபடி ஷ்ஷ். முதல் மணி சும்மா, மூன்றாவதுதான் நிஜம் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரே மணி. எப்போதும் ஒரே இடத்தில் நின்று, வாயை மூடி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை முகங்களைப் பாருங்கள். கடைசி ஆளும் திரும்பிய பிறகு, தாழ்ந்த குரலில் அடுத்த வேலையைச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது ஏறக்குறைய ஒரு நொடிதான் என்று மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. அவர் பார்த்தது கேள்விக்குப் பின்வரும் மௌனத்தை. மணிக்குப் பின்னாலும் நமக்கு அதே அவசரம்தான்.

பாராட்டும்போது ‘குட் கேர்ள்’ வேண்டாம். “தேதி எழுதிட்டு பென்சிலைக் கீழே வெச்சிட்டே” என்று செய்ததைச் சொல்லுங்கள். பேசுகிறவர் பெயரை லீடரை விட்டு போர்டில் எழுத வைப்பதை நான் ஒப்புவதே இல்லை. எழுதப்படுவது எப்போதும் அதே பெயர்கள், லீடரின் நண்பன் பெயர் மட்டும் வராது.

பின்சேர்க்கை: ஸ்டார் ஒட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973இல் செய்த ஆய்வில், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு ஓய்வு நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆகவே ஸ்டார் உண்டு என்று முன்னாலேயே அறிவிக்காதீர்கள், என்றாவது கொடுங்கள்.

இன்னொரு கேள்வி: நீங்கள் லீவு போட்ட நாளில் எல்லாம் கலைந்துவிடுகிறதா? மணியையும், நான்கு வரியில் எழுதிய அட்டை ஒன்றையும் மேசை மேல் வைத்துவிட்டுப் போங்கள். நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் முதல் நாளே மறுபடி ஒத்திகை. இரண்டாவது முறைக்கு அவ்வளவு நேரம் பிடிக்காது.