விண்வெளி வீரராக வேண்டுமா? முதலில் இந்தத் தவறுகளை விடுங்கள்

விண்வெளி வீரராக வேண்டும் என்று தீர்மானித்து இறங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று கவனித்தால், முன்பு வந்தவர்கள் விழுந்த அதே குழிகள்தான். புகை பிடிக்காதீர்கள், கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்புங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். கெட்டிக்காரர்களும் செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பிடிக்காத படிப்பில் தலையைக் கொடுப்பது

நாசா 2021இல் அறிவித்த பத்துப் பேரும் 12,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து வந்தவர்கள். ஐரோப்பிய விண்வெளி முகமைக்கு 22,500க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். 2022 நவம்பரில் முழுநேர வீரர்களாக எடுக்கப்பட்டவர்கள் ஐந்து பேர். இந்தக் கணக்கு தெரிந்த பிறகும், விருப்பமே இல்லாத விமானவியல் பொறியியலில் சேர்ந்து, அங்கே நடுத்தர மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஏராளம்.

நாசாவின் விதி அப்படியொன்றும் குறுகலானதல்ல. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அறிவியல், பொறியியல், கணிதம், மருத்துவம் போன்ற துறையொன்றில் முதுகலை அளவுக்குப் படித்திருக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் மூன்று ஆண்டு தொடர்புடைய பணி அனுபவம் தேவை. விமானிகள் என்றால் பொறுப்பு விமானியாக 1,000 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 850 மணி நேரம் அதிவேக ஜெட் விமானத்தில். இதற்குள் எத்தனையோ துறைகள் அடங்கும். நாசா வீரர்களில் ஜெசிகா மெய்ர் கடல்சார் உயிரியலாளர். பேரரசப் பெங்குவின்கள் மூச்சடக்கி மூழ்குவதை ஆராய்ந்தவர். ஜெசிகா வாட்கின்ஸ் நிலவியலாளர். ஜோ அகாபா பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

பட்டத்தோடு இன்னொன்றையும் தேர்வுக் குழு தேடுகிறது: கையால் வேலை செய்து, நேரம் நெருக்கும்போது முடிவெடுத்து, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்ற அனுபவம். துருவ ஆய்வு நிலையம், கப்பல், அவசர சிகிச்சைப் பிரிவு, மலையில் களப்பணி எதுவாகவும் இருக்கலாம். விண்வெளிக்கு அழைப்பே வராவிட்டாலும் முப்பது வருடம் மனம் ஒன்றிச் செய்யக்கூடிய வேலையைப் பிடியுங்கள். பிடித்த வேலையில்தான் ஒருவர் மேலே வருவார்.

"சின்ன விஷயம்தானே" என்று வாயை மூடிக்கொள்வது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடச் சொன்னால் மிஞ்ச வேண்டியது இதுதான். எதிலும் முதலாவதாக வந்தே பழகியவர்களிடம் இது அதிகம். லேசான தலைசுற்றல், தவறாகத் திருப்பிவிட்டு உடனே சரிசெய்த ஒரு வால்வு, கருவியில் காரணம் புரியாத ஈரம். சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று சொல்லாமல் விடுகிறார்கள். எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் அடுத்து வருகிறவர்களும் இதையே செய்வது எரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால் இதைக் கற்றுக்கொள்ள இன்னொருவர் ஆபத்தில் சிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே சிக்கியாகிவிட்டது.

1973 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பிய ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் மூவருக்கும் அது முதல் பயணம். முதல் நாளே வில்லியம் போக் வாந்தி எடுத்தார். எடையற்ற நிலையில் முதல் இரண்டு மூன்று நாள் குமட்டுவது சாதாரணம். போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வரும். ஆனால் மூவரும் பேசிவைத்துக்கொண்டு, வாந்திப் பையைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிட்டு, தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அது உண்டதும் கழித்ததும் அளந்து பதிவாகிற மருத்துவ ஆய்வுப் பயணம் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பையும் ஆய்வுத் தரவுதான். அவர்கள் பேசியது கலத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் அப்படியே பதிவாகியிருந்தது. தரையில் கேட்டுவிட்டார்கள். வீரர்கள் பிரிவின் தலைவராக இருந்த ஆலன் ஷெப்பர்டு, எல்லோரும் கேட்கிற வானொலி இணைப்பிலேயே அது தவறான முடிவு என்று கண்டித்தார். ஜெரால்ட் கார் ஒப்புக்கொண்டார். வாந்தியால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒருமுறை மறைத்தவரிடமிருந்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று செய்தி வந்தால், தரையிலிருக்கும் மருத்துவர் அதை எந்த அளவுக்கு நம்புவார்?

இரண்டாவது சம்பவத்தில் யாரும் எதையும் மறைக்கவில்லை. அதனால்தான் அது இன்னும் முக்கியம். 2013 ஜூலை 9 அன்று இத்தாலியரான லூக்கா பர்மிட்டானோ விண்நடை (கலத்துக்கு வெளியே செய்யும் வேலை) முடித்துச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது, உள்ளே அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீர். மார்புப் பகுதியில் வைக்கும் குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பை கசியும் என்பது அங்கே நெடுநாளாக ஊறிப்போன நம்பிக்கை. பையைச் சோதித்துப் பார்க்கவில்லை. தண்ணீர் வேறு எங்கிருந்து வந்திருக்கலாம் என்றும் யாரும் தேடவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 16 அன்று, அதே உடையில் மறுபடி வெளியே போனார். 44ஆவது நிமிடத்தில் பின்தலையில் ஈரம் படுவதாகச் சொன்னார். குடிநீர்ப் பை இருப்பது முன்புறம். ஈரம் வந்ததோ பின்னால், காற்று உள்ளே வரும் துளையிருக்கும் பக்கம். எடையற்ற நிலையில் தண்ணீர் கீழே வடியாது. தோலில் ஒட்டிக்கொண்டே பரவும். கண்ணை மூடியது, காதை அடைத்தது, மூக்கை எட்டியது. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்தது. பாதுகாப்புக் கயிற்றின் சுருள் தன்னை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்துத்தான் வழியைத் தடவித் தடவி, நிலையத்துக்குள் நுழையும் காற்றடைப்பு அறையான ஏர்லாக்குக்கு வந்து சேர்ந்தார். அந்த விண்நடை 1 மணி 32 நிமிடத்தில் முடிந்தது. தலைக்கவசத்திலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள்.

காரணம் என்ன? உடையின் முதுகுப் பகுதியில், சுற்றிவரும் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் கருவியில் உள்ள சிறு துளைகள் சிலிக்கா படிந்து அடைத்திருந்தன. பிரிந்து போகவேண்டிய தண்ணீர் காற்றுப் பாதையில் ஏறியது. அது இயந்திரக் கோளாறு. விசாரணைக் குழு அதோடு நிற்கவில்லை. தலைக்கவசத்தில் கொஞ்சம் ஈரம் இருப்பது இயல்பு என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. முறைப்படி கோளாறு அறிக்கை எழுதுவது பெரிய வேலை என்று தயங்கினார்கள். நிலையத்தின் நேரத்தை ஆய்வுக்கு மிச்சப்படுத்த வேண்டும் என்ற அழுத்தம் இருந்தது. இந்த மூன்றும் உங்கள் ஆய்வுக்கூடத்திலும் இல்லையா என்று யோசித்துப் பாருங்கள்.

அதன்பின் தலைக்கவசத்தின் பின்புறம் உறிஞ்சும் பட்டையும், உடையின் கீழ்ப்பகுதியிலிருந்து காற்றை இழுத்துச் சுவாசிக்க ஒரு குழாயும் வைத்தார்கள். 2022 மார்ச்சில் மத்தியாஸ் மௌரரின் விண்நடை முடிந்தபோது தலைக்கவசத்தில் மறுபடி ஈரம் தென்பட்டது. இந்தத் தடவை அவசரத் தேவையில்லாத விண்நடைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் ஆராய்ந்த பிறகே மறுபடி தொடங்கினார்கள். செய்ய வேண்டிய முறை அதுதான்.

இந்தப் பழக்கம் பயிற்சி மையத்தில் சேர்ந்த பிறகு தானாக வந்துவிடாது. இப்போதே தொடங்குங்கள். ஏதாவது வழக்கத்துக்கு மாறாக நடந்தால், நடந்தவுடன் எழுதுங்கள்: நேரம், இடம், கண்ணால் பார்த்தது, அளவு. "இதனால் இருக்கலாம்" என்ற ஊகம் தனி வரியில் இருக்கட்டும்; பார்த்ததோடு அதைக் கலக்காதீர்கள். சுலபமான விளக்கம் ஒன்று கிடைத்தால், அது பொய் என்று காட்டக்கூடிய சோதனை ஒன்றைச் செய்யுங்கள். பை கசிகிறது என்றால் நிரப்பி, அழுத்தி, காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகாது. அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். குழுவாக வேலை முடித்துப் பேசும்போது முதல் பேச்சு உங்கள் தவறைப் பற்றியதாக இருக்கட்டும். நீங்கள் அப்படித் தொடங்கினால் மற்றவர்களும் மறைக்க மாட்டார்கள்.

உடல்நலத்தை மறைப்பதும் இதே வகைதான். முதல் ஏழு அமெரிக்க வீரர்களில் ஒருவரான டீக் ஸ்லேட்டனுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று 1962இல் பறக்கத் தடை விதித்தார்கள். குறை வெளியே தெரிந்ததால் எல்லாம் முடிந்துவிடவில்லை, அவரும் விலகிப் போகவில்லை. வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயணங்களுக்கு நியமிக்கும் பொறுப்பை ஏற்று, சிகிச்சையும் பெற்று, 1975 ஜூலையில் தமது 51ஆவது வயதில் அமெரிக்க-சோவியத் கூட்டுப் பயணமான அப்போலோ-சோயுஸில் பறந்தார்.

கண்ணாடி போட்டதால் கதை முடிந்தது என்று நினைப்பது

முடியவில்லை. கண்ணாடியோடு 20/20 பார்வை, அதாவது இயல்பான பார்வை, இருந்தால் நாசாவுக்குப் போதும். லேசர் அறுவை சிகிச்சையும் ஏற்கப்படும். செய்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

தசையை வளர்த்தால் போதும் என்று நம்புவது

1966 ஜூனில் ஜெமினி 9ஏ பயணத்தில் யூஜின் செர்னன் வெளியே வந்து வேலை செய்தபோது, பிடித்துக்கொள்ளப் போதிய பிடியில்லை, கால் ஊன்ற இடமில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் உடலே எதிர்ப்பக்கம் திரும்பியது. வியர்த்துக் கொட்டி, முகக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் மறைத்தது. செர்னன் கடற்படை விமானி. உடல் வலுவில் குறைந்தவரல்ல. அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12இல் போன பஸ் ஆல்ட்ரின், நீருக்கடியில் ஒத்திகை பார்த்து, கைப்பிடியும் கால்தாங்கியும் பயன்படுத்தி, இடையிடையே ஓய்வெடுத்து நிதானமாக வேலையை முடித்தார்.

விண்நடை உடைக்குள் சதுர அங்குலத்துக்கு 4.3 பவுண்டு அழுத்தம் இருக்கும். கையுறையில் விரலை மடக்குவதே ஊதிய பந்தை அமுக்குவதுபோல. அதை ஆறு மணி நேரம் செய்ய வேண்டும். ஆகவே ஒரே மூச்சில் பெரிய எடை தூக்குவதைவிட, விரல், முன்கை, தோள் ஆகியவற்றின் தாங்குதிறன்தான் உதவும். நீச்சலும் வேண்டும். 25 மீட்டர் குளத்தை மூன்று முறை நிற்காமல் நீந்துவது, பிறகு விமானி உடையும் காலணியும் அணிந்து அதே மூன்று முறை, பிறகு பத்து நிமிடம் மிதந்தபடி நிற்பது என்று நாசா சோதித்திருக்கிறது. இரண்டு நீச்சலிலும் வேகம் கணக்கில்லை.

காற்று உருளையோடு நீருக்கடியில் மூழ்கும் ஸ்கூபா பயிற்சியை ஒத்திப்போடாதீர்கள். ஹூஸ்டனிலுள்ள பயிற்சிக் குளத்தின் ஆழம் 12 மீட்டர். அந்த ஆழத்தில் காதழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கை அடைத்து ஊத வேண்டும். தலைக்கவசத்துக்குள் கை போகாது. அதனால் உள்ளே மூக்கை அழுத்திக்கொள்ள ஒரு சிறு திண்டு வைத்திருக்கிறார்கள். காதை எளிதில் சமன்செய்ய முடியாதவர்கள் அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

நினைவாற்றலைக் காட்டிப் பெருமைப்படுவது

செயல்முறைத் தாளை மூடிவைத்துவிட்டு ஐம்பது படிகளை ஒப்பிப்பவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நிலையத்தில் மனப்பாடமாக இருக்க வேண்டியவை தீ, காற்றழுத்த இழப்பு, நச்சுக் காற்று ஆகியவற்றுக்கான முதல் சில நடவடிக்கைகள். மற்ற வேலைகளில் படியை வாசி, செய், விளைவைப் பார், பிறகு அடுத்த படிக்குப் போ. ஒரே வேலையை நூறாவது தடவை செய்தாலும் இப்படித்தான்.

வெளியே வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு விதி: பாதுகாப்புக் கயிற்றின் புதுக் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்த பிறகே பழைய கொக்கியைக் கழற்ற வேண்டும். 2008 நவம்பர் 18 அன்று விண்நடையில் அமெரிக்க வீராங்கனை ஹெய்ட்மேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர், கருவிப் பைக்குள் கசிந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பையே மிதந்து போய்விட்டது. கூட வந்த ஸ்டீவ் போவெனிடம் இருந்த கருவிகளைப் பகிர்ந்துகொண்டு இருவரும் வேலையை முடித்தார்கள். கைவேலையில் கவனம் முழுவதும் போகும்போது கொக்கி மறந்துபோகும். பழக்கம் ஒன்றுதான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

ரஷ்ய மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

நிலையத்தின் பேச்சு மொழிகள் ஆங்கிலமும் ரஷ்யமும். இப்போதே தொடங்குங்கள்.

பயமே இல்லை என்று சொல்லிக்கொள்வது

நேர்முகத்தில் இதைச் சொல்லவே வேண்டாம்.

ஒரு மறுப்போடு விலகிவிடுவது

கிளேட்டன் ஆண்டர்சன் 15 முறை விண்ணப்பித்து, 1998இல் எடுக்கப்பட்டார். சும்மா காத்திருந்தால் போதாது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முந்தையதில் இல்லாத ஒன்று சேர்ந்திருக்க வேண்டும்: விமானி உரிமம், களப்பணிக் காலம், ஆய்வுக்கட்டுரை ஏதாவது.

பரிந்துரைப்பவரைப் பதவி பார்த்துத் தேர்ந்தெடுப்பது

நாசா 2017இல் அறிவித்த குழுவுக்கு 18,300க்கும் அதிகமான விண்ணப்பங்கள் வந்திருந்தன. நேரில் அழைக்கப்பட்டவர்கள் 120 பேர், இரண்டாம் சுற்றுக்கு 50 பேர், கடைசியில் 12 பேர். எல்லோருக்கும் தகுதி உண்டு என்ற நிலையில், ஆறு மாதம் ஒரே குழாய்க்குள் இவரோடு இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் உங்களோடு வேலை செய்தவர். ஒருமுறை கை குலுக்கிய பெரிய பேராசிரியரைவிட, நடுக்கடலிலோ பனியிலோ இயந்திரம் நின்றுபோனபோது உங்கள் பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் மேல். அவரிடம் முன்பே சம்மதம் கேளுங்கள். நீங்கள் செய்த தவறுகளும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அப்போது நீங்கள் அவற்றை எப்படிச் சொன்னீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் அவரால் எழுத முடியும்.