திட்டம் பலன் தந்ததா? ஒரு தெருக்குழாயை வைத்து அளந்து பார்ப்போம்

வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களின் அறிக்கைகளில் ‘இத்தனை குழாய் போட்டோம், இத்தனை குடும்பங்கள் பயனடைந்தன’ என்று இருக்கும். குழாய் போட்டது சரி, தெருவில் என்ன மாறியது? சென்னை வியாசர்பாடியில் ஒரு தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எதை அளப்பது?
குழாய்களின் எண்ணிக்கை அவுட்புட், அதாவது நாம் செய்த வேலை. தண்ணீருக்காகப் பெண்கள் செலவிடும் நேரம் குறைந்தால் அது அவுட்கம், அதாவது அந்த வேலையால் வந்த மாற்றம். முதல் தடவை அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது கேள்வி கேட்டால் பத்தாவதிலேயே அடுப்பைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

படி 2: கேள்வி
‘தினமும் எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று கேட்டால், எல்லோரும் ‘ஒரு மணி நேரம்’ என்பார்கள். “நேத்து எப்பக்கா குடத்தை வரிசையில வச்சீங்க? எப்ப வீட்டுக்கு வந்தீங்க?” என்று கேளுங்கள். “சீரியல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டேன்” என்று பதில் வந்தால், எந்த சீரியல் என்று கேட்டு மணியைக் குறித்துக்கொள்ளலாம்.

படி 3: எந்த மாதம்?
சென்னையில் இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மே மாதம் பேஸ்லைன் (திட்டத்துக்கு முந்தைய அளவு), டிசம்பரில் எண்ட்லைன் (திட்டத்துக்குப் பிந்தைய அளவு) எடுத்தால், வடகிழக்குப் பருவமழை செய்த வேலைக்குத் திட்டம் பெயர் வாங்கிவிடும். மேயில் தொடங்கினால் அடுத்த மேயிலேயே முடியுங்கள். அதுவும் போதாது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. அப்போது பேஸ்லைன் எடுத்திருந்தால், ஒன்றுமே செய்யாத திட்டம்கூட அடுத்த வருஷம் ஜெயித்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

படி 4: இன்னொரு தெரு
அதனால்தான் குழாய் போடாத, ஆனால் அதே மாதிரி லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஒரு தெருவிலும் அதே நாட்களில் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். கற்பனைக் கணக்கு ஒன்று: நம் தெருவில் 90 நிமிடம் 40 ஆனது, குறைந்தது 50. பக்கத்துத் தெருவில் 85 நிமிடம் 60 ஆனது, அங்கே எதுவும் செய்யாமலே 25 குறைந்திருக்கிறது. ஆக, திட்டத்தின் கணக்கில் எழுத வேண்டியது 25 நிமிடம்தான். அறிக்கையில் 50 என்று போடத்தான் கை துறுதுறுக்கும்.

நிறைய தெருக்கள் இருந்தால், எங்கே குழாய் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வது இன்னும் நல்லது. கவுன்சிலருக்கு வேண்டிய தெரு, ஆபீசுக்குப் பக்கத்துத் தெரு என்ற சாய்வு இருக்காது. இந்த முறையை வளர்த்ததற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவருக்கும் 2019-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

படி 5: மறுபடியும் போங்கள்
திட்டம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, குழாயில் தண்ணீர் வருகிறதா, ரிப்பேர் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். இதற்கென்று பிறகு யாரும் பணம் தர மாட்டார்கள். முதல் பட்ஜெட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.